பொதுக்கல்வியும் உயர்கல்வி வாய்ப்பும் (தமிழ்நாடு)

அரசின் துணையோடு பொதுக்கல்வியைப் பரவலாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் இம்மாநிலத்தில் 47 விழுக்காடு என்றும், நாடு முழுவதற்குமான சராசரி 28.4 என்றும் கூறுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் கட்டணச் சலுகை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. படிப்புக்குக் குறுக்கே நிற்கும் தடை காலந்தோறும் இடம் மாறி வந்திருக்கிறது. பசி, தொலைவு, நுழைவுத் தேர்வு, கல்லூரிச் செலவு என அது எங்கே இருந்ததோ அங்கே அரசு கைவைத்ததுதான் இவ்வரலாற்றின் அடிச்சரடு.

1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. நிதி கிடைக்காமல் சில ஆண்டுகளில் அத்திட்டம் நின்றது. 1953இல் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட அந்த ஏற்பாட்டை அடுத்த ஆண்டே முதலமைச்சரான காமராசர் கைவிட்டார். அவரும் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் நடந்து போகும் தொலைவில் பள்ளி என்பதைக் கொள்கையாக்கினர். 1956இல் மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஊர்மக்களே பொருளும் பணமும் தந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அதற்குத் துணை நின்றன. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், சமையலறையையும் அதற்கான பணியாளர்களையும் பள்ளியின் நிலையான அங்கமாக்கியது. 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது.

பள்ளியை முடித்தவர்கள் பெருகியதும் தடை கல்லூரி வாசலுக்கு நகர்ந்தது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே சாதகமாக இருந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது; பிளஸ் டூ மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அளவுகோலாயிற்று. 2010 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரி ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை பெறுகிறார். வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றைக் காட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கே சலுகை. மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்தபின் பழைய தடை திரும்பியது. 2019இல் அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த 2020இல் அவர்கள் முந்நூறைத் தாண்டினர். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாமல் சிலர் தவித்தபோது, அரசே செலவை ஏற்பதாக அறிவித்தது. இடம் தந்தால் போதாது, பணத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவையெல்லாம் வாக்குக்காகத் தரும் இலவசங்கள் என்பது ஒரு வாதம். ஆனால் 2022இல், ஏழைப் பெண்களுக்கான மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. கல்யாணத்துக்குப் போன பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் திரும்பியதை வெறும் இலவசம் என்று தள்ள முடியாது. பொறியியல் இடங்களைப் பெருக்கியது தனியார் முதலீடே என்பது இன்னொரு வாதம். 1980களுக்குப் பின் வந்த கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள் என்பது உண்மை. எனினும் இடம் இருப்பதால் மட்டும் கூலித் தொழிலாளியின் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. இட ஒதுக்கீடு, கலந்தாய்வு, கட்டணச் சலுகை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது: சேர்க்கை உயர்ந்த அளவுக்குக் கற்றல் உயரவில்லை. ஐந்தாம் வகுப்பில் பலர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் திணறுவதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டமும் அடுத்த ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடங்கப்பட்டது, அரசே இக்குறையை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் இவ்வாதம் அரசின் செலவைக் குறைக்கச் சொல்வதாகாது. பிள்ளை பள்ளிக்கே வராத காலத்தில் யாரும் அதன் வாசிப்புத் திறனை அளக்கவில்லை. தடை இப்போது வகுப்பறைக்குள் வந்து நிற்கிறது. உணவுக்கும் கட்டணத்துக்கும் காட்டிய அதே பிடிவாதத்தை ஆசிரியர் நியமனத்திலும் பயிற்சியிலும் காட்டுவதே அரசின் அடுத்த கடமை.