விசாவுக்கு முன் ஓராண்டு: அப்ரண்டிஸ் பயிற்சி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

டிப்ளமோவோ டிகிரியோ முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு ஆள் தேடுவது நம் ஊர்களில் பல குடும்பங்களின் வழக்கம். ஆனால் வளைகுடா நிறுவனமாக இருந்தாலும் சென்னை நிறுவனமாக இருந்தாலும், நேர்முகத் தேர்வில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எத்தனை வருட அனுபவம்?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத பிள்ளை, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் போய்ச் சேர்கிறான். வேறு சிலர் அனுபவச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அது பொய். அதைக் கொண்டு ஈட்டும் சம்பளத்தில் பரக்கத் இருக்குமா என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டுக்கும் போகாமல், அரசுச் சான்றிதழுடன் ஓராண்டு அனுபவம் பெற ஒரு வழி இருக்கிறது. அதுதான் அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சி.

இன்டர்ன்ஷிப் வேறு, அப்ரண்டிஸ் வேறு

இன்டர்ன்ஷிப் என்பது பெரும்பாலும் படிக்கும்போதே சில வாரங்களோ மாதங்களோ செய்வது. பணம் கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் விருப்பம். அப்ரண்டிஸ் பயிற்சி 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. அதில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு திருத்திய விதிகள் கூறுகின்றன.

யார் சேரலாம்?

பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. முடித்தவர்களும் சேரலாம். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தில் பி.காம். முடித்த மகள் கணக்குப் பிரிவில் பயிற்சி பெற இதில் இடம் உண்டு.

பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்' திட்டத்தில் பதிய வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 'நாப்ஸ்' என்ற தனித் திட்டம் இருக்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் நாட்ஸில் சேர முடியாது. "முதலில் ஏதாவது வேலைக்குப் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

உதவித்தொகை எவ்வளவு?

2019இல் திருத்திய விதிகள் அப்போது நிர்ணயித்த மாதக் குறைந்தபட்சத் தொகை: பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு 7,000 ரூபாய். நிறுவனம் விரும்பினால் இதைவிடக் கூடுதலாகவும் தரலாம். நாட்ஸ் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது.

எப்படிச் சேர்வது?

நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. இடைத்தரகர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை அவ்வப்போது பழகுநர்களுக்கான அறிவிப்பு வெளியிடுகின்றன.

கவனிக்க வேண்டியவை

• ஒப்பந்தம் கையெழுத்தாகி இணையதளத்தில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பதிவாகாத பயிற்சிக்கு அரசுச் சான்றிதழ் கிடைக்காது.

• பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். இருந்தாலும் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு.

• பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்து பிறகு ஏமாற வேண்டாம்.

• பயிற்சி முடித்ததும் தரப்படும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணி அனுபவமாகப் பதிவு செய்யலாம்.

• தினமும் செய்த வேலையை ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். எந்த இயந்திரம், எந்த மென்பொருள், என்ன பழுது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதியிருந்தால், நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

"எட்டாயிரத்துக்கா ஒரு வருஷம்?" என்ற கேள்வி வீட்டில் எழத்தான் செய்யும். கடனும் பொறுப்பும் உள்ள குடும்பங்களுக்கு அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அனுபவம் இல்லாமல் விமானம் ஏறும் பிள்ளை, தொடங்கிய இடத்திலேயே பல வருடங்கள் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. கைத்தொழிலோடும் உண்மையான சான்றிதழோடும் போகிறவனுக்குச் சம்பளம் பேசவாவது ஓர் ஆதாரம் இருக்கும். இந்த ஆண்டு படிப்பு முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை நாட்ஸ் இணையதளத்தைப் பாருங்கள்.