கரோலின் நார்ட்டன் – செல்லாமல் போன ஒரு கையெழுத்து

கணவனும் மனைவியும் பிரியும்போது மூன்று கேள்விகள் எழும். குழந்தைகள் யாரிடம் வளரும்? செலவுக்குப் பணம் யார் தருவது? சம்பாதித்த சொத்து யாருக்கு? 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்த மூன்றிலும் கணவன் கைதான் ஓங்கி இருந்தது. காரணம், திருமணம் ஆனவுடன் இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஆள் கணவன்! மனைவியின் கூலிகூட அவனுக்கே சொந்தம். தன் பெயரில் அவளால் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தமும் செய்ய முடியாது.

இந்தச் சட்டத்தோடு மோதியவர் கரோலின் நார்ட்டன் (1808–1877). நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி, எழுத்தாளர். 1827-ல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரை மணந்தார். கணவர் அடிப்பார். 1836-ல் இருவரும் பிரிந்தார்கள். மூன்று மகன்களையும் தாயிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டார் ஜார்ஜ். அதோடு நிற்கவில்லை. மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்ததாகப் பிரதமர் மெல்போர்ன் மீதே வழக்குத் தொடுத்தார். கேட்ட நஷ்டஈடு 10,000 பவுண்டு! ஜூரி அதை ஏற்கவில்லை. ஆனால் கெட்ட பெயர் யாருக்கு? அந்த வழக்கில் வாய் திறக்கவே உரிமை இல்லாத கரோலினுக்கு.

அவர் பேனாவை எடுத்தார். சிறு நூல்கள் எழுதினார். டால்ஃபோர்ட் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1839-ல் குழந்தைகள் பொறுப்புச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம். நடத்தை கெட்டவள் என்று தீர்ப்பான தாய்க்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

கரோலினுக்கு அது உதவியதா? இல்லை. பிள்ளைகள் இருந்தது ஸ்காட்லாந்தில். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டு இறந்தான். தாய் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்தது பணம். 1848-ல் ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாக ஜார்ஜ் எழுத்தில் ஒப்புக்கொண்டார். பிறகு கரோலினுக்குத் தாயார் வழியில் வருமானம் வந்ததும் கையை விரித்துவிட்டார். அவரை வழிக்குக் கொண்டுவரத் தன் கடன்காரர்களை அவர்மேல் வழக்குப் போடச் சொன்னார் கரோலின். 1853-ல் அது விசாரணைக்கு வந்தது. மனைவியோடு போட்ட ஒப்பந்தம் கணவனைக் கட்டுப்படுத்தாது என்பது ஜார்ஜின் நிலை. ஜெயித்ததும் அவர்தான். இருவரும் ஒரே ஆள் என்றால், ஒருவன் தனக்குத் தானே எப்படி ஒப்பந்தம் போடுவான்? யோசித்துப் பாருங்கள்!

கரோலின் 1855-ல் விக்டோரியா மகாராணிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டார். 1857-ல் வந்த திருமண வழக்குகள் சட்டத்தில் அவர் கேட்டவை சில இடம் பெற்றன. கணவன் கைவிட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைப் பாதுகாக்க உத்தரவு பெறலாம். நீதிமன்றம் மூலம் பிரிந்தவள் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம், வழக்கும் போடலாம். ஆனாலும் விவாகரத்தில் பாரபட்சம் தொடர்ந்தது. கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். மணமான பெண்ணின் எல்லாச் சொத்தும் அவளுக்கே என்ற நிலை 1882-ல்தான் வந்தது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. அதே பாரபட்சம் கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டத்திலும் ஏறியது. இங்கிலாந்து அதை 1923-ல் நீக்கியது. இந்தியாவில் நீங்கியது 2001-ல்!

கரோலினுக்குக் கடைசிவரை விவாகரத்து கிடைக்கவில்லை. 1875-ல் ஜார்ஜ் இறந்த பிறகுதான் விடுதலை. 1877-ல் மறுமணம் செய்தார். சில மாதங்களில் இறந்துபோனார். பிரிந்து வாழும் பெண் தன் பெயரில் போடும் கையெழுத்துக்கு மதிப்பு வாங்கித் தந்தவர்களில் அவர் ஒருவர். அவர் கையில் இருந்த ஒப்பந்தம் மட்டும் வெறும் காகிதமாகவே போயிற்று.