அவள் மனைவி அல்லவாம்!

திருப்பூரில் பின்னிய பனியன் கடல் கடந்து செல்கிறது. எந்தத் துறைமுகமும் அதனை மறித்து, "உன்னைப் பின்னியவன் எந்தச் சமயம்? உன்னைத் தைத்தவள் யாருக்கு மனைவி? அவள் மணம் எந்த முறைப்படி நடந்தது?" என்று கேட்பதில்லை. 2025 சூலை 24ஆம் நாள் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம், நம் நாட்டு ஆடைகளுக்கு அங்கே விதிக்கப்படும் இறக்குமதி வரியை நீக்கவே வழி வகுத்திருக்கிறது. நூலும் ஊசியுமாக வாழும் திருப்பூருக்கு அது நல்ல செய்தி; மகிழ்வோம்.

ஆனால், அதே பிரிட்டனில் வாழும் ஒருவன், அயல்நாட்டில் பிறந்த தன் துணைவியை அழைத்து வர விரும்பினால்? ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் காட்டு என்று 2012இல் விதி செய்தனர். 2024 ஏப்ரலில் அதனை 29,000 பவுன் ஆக்கினர். காட்ட இயலாதவன் கடலுக்கு அப்பால். அவன் துணைவி கடலுக்கு இப்பால். பண்டத்துக்கு வாயில் அகலத் திறக்கிறது. பெண்டுக்கு வாயில் அடைபடுகிறது!

உழைப்பு வேண்டும், உழைப்பவனின் குடும்பம் வேண்டாம் என்கிற இந்தப் போக்கு நேற்று முளைத்த காளான் அன்று. இதன் வேரைத் தேடிச் செல்வோமானால், தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்த ஒரு வரலாறு நம் முன் வந்து நிற்கும்.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றவர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பிடிக்கப்பட்ட ஏழைகள். 1911இல் அந்த ஏற்றுமதி நிற்கும் வரை, 1,52,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் திங்களுக்குப் பத்து சில்லிங் கூலி.

கரும்பு இனித்தது, கரும்பை வெட்டியவன் கசந்தான்! ஒப்பந்தம் முடிந்தபின் அவன் அங்கேயே குடியிருந்து, காய்கறி பயிரிட்டு, கடை வைத்து, மனிதனாக வாழ முற்பட்டதை வெள்ளையர் பொறுக்கவில்லை. 1895இல் சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்து தங்குவோர் ஆளுக்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது சில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு திங்கள் சம்பளம்! பின்னர், பதினாறு வயது நிரம்பிய மகனும், பதின்மூன்று வயது நிரம்பிய மகளும் அந்த வரிக்கு உட்படுத்தப்பட்டனர். கட்டு, அல்லது மீண்டும் கூலியாகு, அல்லது கப்பலேறு! இதுதான் அந்தச் சட்டத்தின் உட்பொருள்.

வரியால் விரட்டியது போதாதென்று, மனைவியைத் தடுத்து விரட்டும் வழியும் பிறந்தது.

கேப் மாகாணத்தில் குடியுரிமையோடு வாழ்ந்து வந்தவர் அசன் ஈசாப் என்னும் இந்திய முசுலீம். அவர் மணந்த பெண் பாய் மரியம். இந்தியாவிலிருந்து வந்த அப்பெண்ணை உள்ளே விட முடியாது என்று குடியேற்ற அதிகாரி மறித்தார். அங்கே குடியிருப்பவரின் மனைவிக்குத் தடை இல்லை என்பது சட்டத்திலேயே இருந்தது. ஆகவே ஈசாப் வழக்குமன்றம் சென்றார். 1913 மார்ச் 14ஆம் நாள் நீதிபதி சேர்ல் தீர்ப்பு வழங்கினார்.

மனைவிக்குத் தடை இல்லைதான். ஆனால் இவள் மனைவி அல்லள் என்பது அத்தீர்ப்பு! பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த மணத்தை அந்நாட்டுச் சட்டம் மணமாக ஏற்காதாம். ஒருவனும் ஒருத்தியும் பிறர் எவரும் இன்றி வாழ்நாள் முழுதும் இணைவதே மணம் என்று 1866இல் இங்கிலாந்து நீதிமன்றம் கூறிய இலக்கணம் அத்தகைய தீர்ப்புகளுக்கெல்லாம் தாய்.

ஒருவனுக்கு ஒருத்தி என்பது நல்ல கொள்கைதானே என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கொள்கைதான், நாமும் அதனை வற்புறுத்துபவர்களே. பெண்ணைப் பண்டமாக்கும் பலதார மணத்துக்கு நாம் ஒருநாளும் வக்காலத்து வாங்க மாட்டோம். ஆனால், பலதார மணத்தை ஒழிக்க வேண்டுமானால், இரண்டாம் பெண்ணைத் தேடும் ஆணைத் தடுக்க வேண்டும். சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத் தடைச் சட்டம் இயற்றியபோது அதைத்தான் செய்தது. தென்னாப்பிரிக்காவிலோ ஆணைத் தொடவில்லை. வந்த பெண்ணைத் திருப்பினர். நோய் ஒருவனுக்கு, கசப்பு மருந்து மற்றொருத்திக்கு! அந்த மன்றம் எடை போட்டது அந்தக் குடும்பத்தின் வாழ்வை அன்று; மணம் நடத்திய சமயத்தின் பெயரை.

அந்த ஒரு தீர்ப்பின் விளைவு என்ன? இந்து, முசுலீம், பார்சி என எந்த முறையில் மணந்த பெண்ணானாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவள் மனைவி ஆகாள் என்ற நிலை பிறந்தது. மனைவியர் வைப்பாட்டிகள் ஆயினர். பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர் ஆயினர். தந்தை சொத்தில் பிள்ளைக்கு உரிமை ஐயத்துக்குள்ளாயிற்று. ஊருக்குப் போன மனைவி திரும்பி வரும் வழி அடைபட்டது.

அப்போதுதான் பெண்கள் எழுந்தனர். அதுவரை சிறை புகுந்து போராடியவர்கள் ஆண்கள். 1913 செப்டம்பர் 15இல் காந்தியாரின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபாய் அம்மையார் உள்ளிட்ட நான்கு பெண்களும் பன்னிரண்டு ஆண்களும் புறப்பட்டு, உரிமைச் சீட்டு இல்லாமலே டிரான்சுவால் எல்லையைத் தாண்டினர். கடுங்காவல் மூன்று திங்கள்! எதிர்த் திசையில், டிரான்சுவாலிலிருந்து நேட்டாலுக்குள் பதினொரு பெண்கள் நுழைந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், சிலர் கையில் குழந்தையோடு. அவர்களைக் கைது செய்யக் காவலர் முதலில் முன்வரவில்லை! நடந்தார்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு. அங்கே தம் மொழி பேசும் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தார்கள். அக்டோபர் நடுவில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. பிறகுதான் அரசுக்கு விழிப்பு வந்தது. பதினொருவரும் மூன்று திங்கள் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

எதற்காக எல்லையைத் தேர்ந்தெடுத்தார்கள்? "நீ மனைவி அல்ல, ஆகவே எல்லையைத் தாண்டாதே" என்றது சட்டம். "தாண்டுகிறேன், என்ன செய்வாய்?" என்று கேட்டது அவர்கள் காலடி. அடைத்த வாயிலையே போர்க்களம் ஆக்கினார்கள்.

நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி அணிவகுத்து நடந்தனர். கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. சவுக்கும் துப்பாக்கியும் பேசின, தொழிலாளர் மாண்டனர். டிசம்பரில் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தார். வயது பதினாறு. மனைவி என்ற பட்டத்துக்காகப் போராட அவருக்கு மணமும் ஆகவில்லை. தன் இனத்துப் பெண்களின் மானத்துக்காகவே போனார்.

இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் நாம் மேலே செல்ல முடியாது. அந்தப் பதினொரு பெண்களின் பட்டியலைப் பாருங்கள்: திருமதி தம்பி நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை, திருமதி முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு... எல்லாம் கணவன்மார் பெயர்கள்! தம் பெயரோடு அதில் நிற்பவர்கள் மணமாகாத பெண்கள் இருவர் மட்டுமே. சட்டம் அவர்களைப் பார்த்து, "நீ மனைவியே அல்ல" என்றது. வரலாறு எழுதியவர்களோ, "நீ மனைவி மட்டுமே" என்றனர். இரண்டும் இருவேறு கொடுமைகளா? ஒரே கொடுமையின் இரு முகங்கள் அல்லவா?

போராட்டம் வென்றது. 1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. ஒரே மனைவியோடு வாழ்வோரின் மணத்தை ஏற்றது. அந்த மனைவியும் சிறு பிள்ளைகளும் நாட்டுக்குள் வர இசைந்தது. இந்தியச் சமயங்களின் குருமார்களையே திருமண அலுவலராக அமர்த்தவும் வகை செய்தது. மாபெரும் வெற்றிதான்; மறுக்கவில்லை. எனினும், மணத்துக்குச் சான்று யார்? முன்பு பாதிரியார், பின்பு புரோகிதரும் மவுலவியும்! மணந்து கொள்ளும் இருவரின் வாக்கு மட்டும் அன்றும் சபை ஏறவில்லை.

கேப்பில் நடந்த இந்தக் கதைக்கும் தமிழகத்துக்கும் என்ன உறவு என்பீர்களேல், 1953ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, 1914இல் கொடுத்ததைத் திரும்பப் பறித்தது. இந்தியாவிலிருந்து மனைவி மக்களை அழைத்துவரும் உரிமையைப் புதிய சட்டம் வெட்டி வீழ்த்தியது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் மற்றொரு மணத்தின் மேல் தீர்ப்பு எழுதியது. 1934இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் அது. ஓமம் இல்லை, ஏழடி சுற்றவில்லை. நெடுங்கால வழக்கம் என்று காட்டவும் முடியாது, ஏனெனில் முறை புதிது. ஆகவே அது சட்டப்படி செல்லாது என்றனர் நீதிபதிகள்.

தோழர்களே, இரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். கேப்பில் ஒருத்தி மனைவி அல்லள். காரணம், அவள் மணத்தில் வேறு சமயம் இருந்தது. சென்னையில் ஒருத்தி மனைவி அல்லள். காரணம், அவள் மணத்தில் சமயமே இல்லை! அங்கே சடங்கு பிழை. இங்கே சடங்கு இன்மை பிழை. கூடி வாழ்ந்த ஆண்டுகளையும், பெற்ற பிள்ளைகளையும், பட்ட பாட்டையும் இரு மன்றங்களும் சடங்குக்குக் கீழே வைத்தன. மனிதரின் இசைவை விட்டுவிட்டு மந்திரத்தைச் சான்றாக்கினால், தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நசுங்குபவள் பெண்ணே.

1928இல் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது. உற்றார், நண்பர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று கூறினாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் அது மணமே என்றது இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. அந்த ஒரு சொல்லால் எத்தனை தாய்மார் மனைவியராயினர்! எத்தனை பிள்ளைகள் தலை நிமிர்ந்தனர்! அத்தகைய மணத்தை ஊரறிய அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கியது.

தென்னாப்பிரிக்காவில் முசுலீம் முறைத் திருமணங்களைச் சட்டம் ஏற்காதிருப்பது அரசமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் கூறியது 2022 சூன் 28இல். பாய் மரியத்தைத் திருப்பிய தீர்ப்புக்கு 109 ஆண்டுகள் கழித்து! நீதி வரும், ஆனால் நொண்டிக்கொண்டு வரும்.

கொடுமை ஓய்ந்துவிட்டதா? இல்லை, உடை மாற்றிக்கொண்டது. 1979 சனவரியில், இலண்டன் ஈத்ரோ விமான நிலையத்தில், மணம் புரிய வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை அதிகாரிகள் நிறுத்தினர். முன்பே மணமானவளாயின், மனைவிக்குரிய அனுமதிக்காக இந்தியாவிலேயே காத்துக் கிடக்க வேண்டும். மணக்க வருபவளாயின் உள்ளே விடலாம் என்பது அன்றைய விதி. அவர் சொல்லை நம்பாமல், கன்னிமைச் சோதனை என்ற பெயரால் அவர் உடலைச் சோதித்தனர்! நாகரிகத்தின் தொட்டில் என்று பெருமை பேசும் நாட்டில் நடந்த அநாகரிகம் இது. இவ்வாறு சோதிக்கப்பட்ட பெண்கள் எண்பதுக்குக் குறையாதவர் என்று பின்னாளில் ஆவணங்கள் காட்டின. 2024 சூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அயல்நாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோருவது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்று கூறிவிட்டது. மணக்க உரிமை உண்டு. சேர்ந்து வாழ உரிமை இல்லை!

நாட்டுக்கு எல்லை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பொய் மணம் காட்டி ஏய்ப்பவரைக் கண்டறிய அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆராய்வது வேறு, அவமதிப்பது வேறு. சான்று கேட்பது வேறு. சமயமும் பணமும் சான்று என்பது வேறு.

திருப்பூரின் இளைஞர்கள், பின்னல் ஆலையில் பலமொழி பேசுவோரோடு தோள் சேர்ந்து உழைப்பவர்கள். சாதி தாண்டி, மொழி தாண்டி, நாளை நாடும் தாண்டி மணம் புரியப் போகிறவர்கள். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: புரோகிதரைத் தேடாதீர்கள், பதிவு அலுவலகத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த முறையில் நடந்த மணத்தையும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒற்றைத் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். கடல் கடந்த வாயிலில், நாளை உங்கள் துணைவிக்காகப் பேசப் போவது அதுதான். அதில் அவள் பெயரை, அவள் சொந்தப் பெயரை, பிழையின்றி எழுதச் செய்யுங்கள். எல்லையைக் காலால் தாண்டி வழி திறந்த அந்தப் பெண்களுக்குப் பெயரை மறுத்த வரலாறு, இனி ஒருத்திக்கும் மறுக்காதிருக்கட்டும்!