எதிர்த்தரப்பு ஆய்வு

எதிர்த்தரப்பு ஆய்வு என்பது, அரசியலில் தம் தலைவருக்கு எதிரே நிற்பவரின் கடந்தகாலத்தைத் துருவி, அவருக்கு இழுக்குத் தரக்கூடிய செய்திகளைத் திரட்டி, உரிய வேளை வரும்வரை கோப்பில் காத்து வைக்கும் பணியைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது கட்டணம் பெற்றுச் செய்யும் தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. நீதிமன்ற வழக்குக் கட்டுகள், சொத்துவரிப் பதிவேடுகள், மணமுறிவு மனுக்கள், அவையில் அளித்த வாக்குகள், மாணவப் பருவத்து இதழ்கள் என, யாரும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்களே பெரும்பாலும் இதன் மூலப்பொருள்கள். பூட்டை உடைத்துத் தேடுவது விதிவிலக்கு. ஆனால் வரலாற்றில் பெயர் பெற்றது அந்த விதிவிலக்குதான்.

இதன் ஒரு கிளை, தலைவர் மீது குற்றச்சாட்டு எழுந்த பின்னர், குற்றம் சாட்டியவர், விசாரிப்பவர், செய்தி வெளியிட்டவர் ஆகியோரின் பழைய தவறுகளைத் தேடிச் செல்வதாகும். அவ்வாறு கிடைக்கும் செய்தி முற்றிலும் உண்மையாக இருக்கலாம். எனினும் அது மூலக் குற்றச்சாட்டுக்கு மறுமொழி ஆவதில்லை. ‘நீ மட்டும் யோக்கியமா’ என்ற தெருச்சண்டைக் கேள்விக்கு ஆவணச் சான்று தேடித் தருவதே இதன் வேலை எனலாம்.

வழக்கம் பழையது. 1797இல் ஜேம்ஸ் கலெண்டர் என்ற இதழாளர், முன்னர் கருவூலச் செயலராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் மீது நிதி முறைகேட்டுக் குற்றம் சுமத்தியபோது, ஹாமில்டன் தாம் ஒரு மணமான பெண்ணுடன் கொண்டிருந்த தொடர்பைத் தாமே நூலாக அச்சிட்டு ஒப்புக்கொண்டு, பணக் குற்றத்தை மறுக்க நேர்ந்தது. கலெண்டருக்குப் பண உதவி செய்தவர்களுள் ஒருவர் ஹாமில்டனின் அரசியல் எதிரியான தாமஸ் ஜெபர்சன். பின்னர் அதிபரான ஜெபர்சனிடம் எதிர்பார்த்த அஞ்சல் அதிகாரி பதவி கிடைக்காத ஏமாற்றத்தில், 1802இல் அதே கலெண்டர் ஜெபர்சனையும் அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸையும் பற்றி எழுதினார். கூலிக்குத் தோண்டுபவர் கைமாறக்கூடியவர் என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது.

ரிச்சர்ட் நிக்சனின் ஆட்சியில் (1969-1974) இப்பணி வெள்ளை மாளிகைக்குள்ளேயே குடிபுகுந்தது. நியூயார்க் நகரக் காவல்துறையின் முன்னாள் துப்பறிவாளரான அந்தோணி உலாசெவிச், மிஞ்சிய தேர்தல் நிதியிலிருந்து சம்பளம் பெற்று, எதிர்க்கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி ஓட்டிய கார் சாப்பாக்விடிக் தீவில் நீரில் மூழ்கி ஒரு பெண் இறந்த நிகழ்வை, செய்தியாளர் வேடத்தில் போய் விசாரித்தார். 1971 ஜூனில் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்கள் நாளிதழில் வெளியானதும், அரசுச் செய்தி கசிவதை அடைக்கும் குழு என்பதால் ‘குழாய் பழுதுபார்ப்போர்’ என அழைக்கப்பட்ட ஒரு பிரிவு உருவாயிற்று. ஆவணங்களை அளித்த டேனியல் எல்ஸ்பர்க்கின் பெயரைக் கெடுக்கத்தக்க குறிப்புகளைத் தேடி, அப்பிரிவு ஏற்பாடு செய்த ஆட்கள் 1971 செப்டம்பர் 3 அன்று அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் புகுந்தனர். பயனுள்ளதாக எதுவும் சிக்கவில்லை. நெம்பித் திறக்கப்பட்டு நசுங்கிய அந்தக் கோப்பு அலமாரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அரசின் இத்தகைய முறைகேடுகளைக் காரணம் காட்டி, எல்ஸ்பர்க் மீதான வழக்கை நீதிபதி 1973 மே மாதத்தில் தள்ளுபடி செய்தார்.

செய்தியாளர்களும் தப்பவில்லை. சிபிஎஸ் தொலைக்காட்சியின் டேனியல் ஷோர் பற்றிக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் 1971இல் விசாரிக்கத் தொடங்கியது வெளியில் தெரிந்ததும், அவருக்கு அரசுப் பதவி தர எண்ணியே விசாரித்ததாக வெள்ளை மாளிகை விளக்கம் அளித்தது. யாரும் நம்பாத இந்த விளக்கம் 1973 ஜூனில் உடைந்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறல் பற்றிய வாட்டர்கேட் விசாரணையில் வெளியான, வெள்ளை மாளிகையின் ‘எதிரிகள் பட்டியலை’ நேரலையில் படித்துக்கொண்டே வந்த ஷோர், பதினேழாவது பெயராகத் தம் பெயரையே படிக்க நேர்ந்தது.

வாட்டர்கேட் விசாரணையை நடத்திய அதே குழுவில் வழக்கறிஞராகப் பணியாற்றிய டெரி லென்சனர், பிற்காலத்தில் தனியார் புலனாய்வு நிறுவனம் நடத்தி, 1998இல் அதிபர் பில் கிளின்டனின் வழக்கறிஞர்களுக்காக உழைத்தார் என்பது இத்துறையின் சுவையான முரண். தம் பணியாளர்களைப் பற்றிய செய்திகள் பரப்பப்படுகின்றன என ஐயுற்ற, கிளின்டனை விசாரித்து வந்த தனி விசாரணை அதிகாரி கென்னத் ஸ்டார், லென்சனரையும் வெள்ளை மாளிகை உதவியாளர் சிட்னி புளூமெந்தாலையும் சாட்சியத்துக்கு அழைத்தார். இதழாளரோடு பேசியதற்காக ஒருவரை விசாரிப்பதா என்ற எதிர்ப்பு அதனால் கிளம்பியது.

ஆனால் அவ்வாண்டின் வலிய அடிகள் கிளின்டனின் அலுவலகத்திலிருந்து வந்ததாக நிறுவப்படவில்லை. கிளின்டன் மீதான குற்றச்சாட்டைக் கையாண்ட கீழவை நீதிக்குழுவின் தலைவர் ஹென்றி ஹைடுக்கு 1960களில் இருந்த தகாத தொடர்பைச் செப்டம்பரில் ஓர் இணைய இதழ் வெளியிட்டது; நாற்பதைக் கடந்த வயதில் நடந்ததை அவர் இளமைக்காலத் தவறு என்றது நகைப்புக்கு இடமாயிற்று. அக்டோபரில், ஆபாச இதழ் நடத்திய லாரி பிளின்ட், நாடாளுமன்ற உறுப்பினர்களின் கள்ள உறவுகளுக்குச் சான்று தருவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் வரை தருவதாக வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் செய்தார். அடுத்த அவைத்தலைவராக வரவிருந்த பாப் லிவிங்ஸ்டன், பிளின்டின் தேடலில் தம் பெயர் அகப்பட்டதால், டிசம்பர் 19 அன்று விலகுவதாக அறிவித்தார். அன்றே கீழவை கிளின்டன் மீது குற்றம் சுமத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. எதிராளி வீழ்ந்தும் குற்றச்சாட்டு நின்றது.

சமூக ஊடகங்கள் வந்தபின் துப்பறிவாளருக்கு வேலை குறைந்தது, தேடுபொறி போதும். டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர் சிலர், முன்னணி ஊடகங்களில் பணிபுரிவோர் பலநூறு பேரின் பழைய பதிவுகளைத் தொகுத்து வைத்திருப்பதாக 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவற்றுள் கல்லூரிப் பருவத்தில் எழுதியவையும் இருந்தன. அந்நாளிதழின் ஆசிரியர் ஒருவர் தம் பழைய யூத வெறுப்புப் பதிவுகள் வெளியானதும் மன்னிப்புக் கேட்டார். விமர்சகர்களின் வாயை அடைப்பதே இம்முயற்சியின் நோக்கம் என்று நாளிதழின் வெளியீட்டாளர் கண்டித்தார். பிறரை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் தாம் ஆராயப்படுவதைக் குறைகூறலாகாது என்பது மறுதரப்பின் வாதம்.