கேளாமல் கைமாறிய ஏரிக்கரைகள்

போரில் தோற்றவர் நிலம் இழப்பது வரலாற்றில் வழமை. தோற்காதவரும் நிலம் இழந்த கதையாகவே வட அமெரிக்கப் பேரேரிகளின் வரலாற்றை நான் வாசிக்கிறேன்.

1760இல் வந்தவாசி வரை எட்டிய பிரித்தானிய - பிரெஞ்சுப் போரின் மற்றொரு களம் அது. 1763 பெப்ரவரியில் கைச்சாத்தான பரிஸ் உடன்படிக்கையின் மூலம் பிரான்ஸ் அப்பிராந்தியத்தைப் பிரித்தானியாவிடம் ஒப்படைத்தது. ஏரிக்கரைகளில் வாழ்ந்த ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவாட்டமி மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் வழங்கிவந்த வெடிமருந்தும் துணியும் அம்மக்களின் பார்வையில் நட்புறவின் கடப்பாடு. பிரித்தானியத் தளபதி அம்ஹர்ஸ்ற் அவற்றை வீண்செலவெனக் கருதிக் குறைத்தார். 1763 மே மாதம் ஒடாவாத் தலைவர் பொன்ரியாக் டெட்ரொயிட் கோட்டையை முற்றுகையிட்டார். இரு மாதங்களுக்குள் எட்டுக் கோட்டைகள் வீழ்ந்தன. பிட் கோட்டையிலோ, பேச வந்த டெலவெயார் தூதுவர்களிடம் பெரியம்மை நோயாளரின் போர்வைகளைப் பிரித்தானியர் கையளித்தனர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னர் மூன்றாம் ஜோர்ஜ், அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறுவதைப் பிரகடனம் ஒன்றின் மூலம் தடைசெய்தார். குடியேறிகள் அதனை மதிக்கவில்லை. நிலம் தொடர்ந்து பறிபோனது. ஆயினும் 1982ஆம் ஆண்டின் கனேடிய உரிமைச் சாசனம், அப்பிரகடனம் அங்கீகரித்த பூர்வீகக் குடிகளின் உரிமைகளைப் பெயர் குறித்துக் காக்கின்றது.

பரிஸ் மேசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை. இன்று கனேடிய நீதிமன்றங்களில் அவர்கள் எடுத்துக்காட்டும் ஆவணமோ, அவர்களது எழுச்சி விரைவுபடுத்திய ஆவணம்.