லிட்டில் விட்ச் அகாடமியா: கனவு காட்டியவரின் கடன்

மாயப் பள்ளிக்கூடம் என்றதும் பலருக்கும் ஹாரி பாட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1997-ல் ஹாரி பாட்டரின் முதல் நூல் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியத் தொலைக்காட்சியில் மந்திரச் சிறுமிகள் வலம் வரத் தொடங்கிவிட்டார்கள். மிட்சுதெரு யோகோயாமாவின் சித்திரக்கதையைத் தழுவி டோயி நிறுவனம் எடுத்த 'சாலி' தொடர் 1966-ல் ஒளிபரப்பாயிற்று. 1969-ல் ஃபுஜியோ அகாட்சுகாவின் 'அக்கோ-சான்' வந்தாள். சாலி மந்திர உலகத்தில் பிறந்தவள். அக்கோ-சானோ மாயக்கண்ணாடி ஒன்றைப் பெற்ற சாதாரணச் சிறுமி. பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவள், பிறகு அதைப் பெற்றவள் என்ற இந்த இரண்டு வகைகளுக்குள் அடங்கும் ஜப்பானிய மந்திரச் சிறுமிக் கதைகள் ஏராளம்.

நான் இங்கே அறிமுகம் செய்ய விரும்பும் 'லிட்டில் விட்ச் அகாடமியா' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் நாயகியின் பெயரும் அக்கோ என்பது சுவையான ஒற்றுமை. 2017 ஜனவரி முதல் ஜூன் வரை டோக்கியோ எம்.எக்ஸ். தொலைக்காட்சியில் 25 பகுதிகளாக ஒளிபரப்பானது. தயாரிப்பு டிரிக்கர் நிறுவனம். மூலக்கதையும் இயக்கமும் யோ யோஷினாரி. திரைக்கதை அமைப்பு மிச்சிரு ஷிமாடா. இசை மிச்சிரு ஓஷிமா. ஜப்பானுக்கு வெளியே அதே ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் இதை இரண்டு தவணைகளாக வெளியிட்டது.

ஒரு சொல் விளக்கம். 'விட்ச்' என்பதற்குச் 'சூனியக்காரி' என்பதே அகராதி தரும் சொல். தமிழில் அந்தச் சொல்லோடு பில்லி, ஏவல் என்ற கெடுதல் வாடை சேர்ந்தே வருவதால் இக்கட்டுரையில் 'மந்திரக்காரி' என்றே எழுதுகிறேன்.

கதை

அட்சுகோ ககாரி என்னும் அக்கோ சிறு வயதில் 'ஷைனி சாரியட்' என்ற மந்திரக்காரியின் மேடை நிகழ்ச்சியைப் பார்க்கிறாள். ஒளியும் வண்ணமுமாக வானம் நிறைந்த அந்த இரவு அவள் மனத்தை விட்டு அகலவேயில்லை. தானும் அவளைப் போல ஆகவேண்டும் என்று, இங்கிலாந்தை நினைவூட்டும் ஒரு நாட்டில் இருக்கும் லூனா நோவா மந்திரப் பள்ளியில் வந்து சேர்கிறாள்.

அங்கே அவளுக்குக் காத்திருப்பது ஏமாற்றம். மற்ற மாணவிகளுக்குத் துடைப்பத்தில் ஏறிப் பறப்பது நாம் சைக்கிள் ஓட்டுவதைப் போல எளிதான காரியம். அக்கோவின் துடைப்பமோ தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவள் தெய்வமாகக் கொண்டாடும் சாரியட்டை அந்தப் பள்ளியில் யாரும் மதிப்பதில்லை என்பது. மந்திரக் கலையைக் கூத்தாக்கி மலினப்படுத்தியவள் என்பதே அங்குள்ளவர்கள் அவள்மீது வைக்கும் குற்றச்சாட்டு.

அக்கோவின் அறைத்தோழிகள் இருவர். பின்லாந்திலிருந்து வந்த சாதுவான லோட்டே ஒருத்தி. காளான்களையும் நஞ்சுகளையும் ஆராய்ந்து, அவற்றை அக்கோ மீதே சோதித்துப் பார்க்கும் சூசி மற்றொருத்தி. எதிர்முனையில் நிற்பவள் டயானா கேவெண்டிஷ். பழம்பெரும் மந்திரக் குடும்பத்தின் வாரிசு. வகுப்பில் முதல் மாணவி. இவர்களுக்கு நடுவே, கண்ணாடி அணிந்த, கூச்ச சுபாவம் கொண்ட அர்சுலா ஆசிரியை. மாறுவேடத்தில் இருக்கும் சாரியட்தான் அவர் என்பது பார்வையாளர்களுக்கு விரைவிலேயே புரிந்துவிடும். அக்கோவுக்குத்தான் நெடுநாள் தெரியாது.

முதற்பாதியில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கதை. எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பகுதி. பள்ளியிலுள்ள ஒரு பழைய மரத்தை ஒட்டுண்ணிகள் அரிப்பதாக எண்ணி, அதைக் குணப்படுத்த மந்திரம் ஏவுகிறாள் டயானா. அவை ஒட்டுண்ணிகள் அல்ல, 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அபூர்வ வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் என்று கண்டுபிடிப்பவள் அக்கோ. அந்த அறிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? சாரியட் நிகழ்ச்சியையொட்டி விற்ற வண்ண அட்டைகளிலிருந்து! பண்டிதர்கள் குப்பை என்று ஒதுக்கிய பொழுதுபோக்கிலும் கல்வி ஒளிந்திருக்கலாம் என்பதை ஒரு சொல்கூட உபதேசிக்காமல் சொல்லிவிடுகிறது இப்பகுதி. ஒளித்து வைத்து அம்புலிமாமா படித்த தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. பள்ளிக்குக் கடன் கொடுத்த டிராகன் ஒன்று கணிப்பொறி முன் அமர்ந்து பங்குச்சந்தை வியாபாரம் செய்கிறது. கடன் பத்திரம் பழைய டிராகன் மொழியில் இருப்பதால் யாரும் அதைப் படித்துப் பார்த்ததேயில்லை. டயானா படித்த பிறகுதான், பள்ளி இத்தனை காலமும் கட்டிவந்த வட்டி அதில் எழுதப்படவேயில்லை என்று தெரிகிறது.

பயிற்சியில் பிறந்த படம்

இத்தொடரின் பிறப்பை அறியாமல் இதன் உட்பொருளை முழுதாக உணர முடியாது என்பது என் கருத்து.

டிரிக்கர், கைனாக்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்த ஹிரோயுகி இமைஷியும் மசாஹிகோ ஓட்சுகாவும் 2011-ல் தொடங்கிய நிறுவனம். யோஷினாரியும் 'எவாஞ்சலியன்' காலத்திலிருந்து கைனாக்ஸ் படங்களில் வரைந்தவர். அந்நாட்களில் ஜப்பானிய அனிமே துறைக்கு ஒரு கவலை இருந்தது. இளம் ஓவியர்கள் தொழில் கற்கும் வழி அடைபட்டுக்கொண்டிருந்தது.

அனிமேயில் இரண்டு நிலை வரைவாளர்கள் உண்டு. ஓர் அசைவின் முக்கியத் தருணங்களை வரைபவர்கள் மூத்தவர்கள். அத்தருணங்களுக்கு இடைப்பட்ட படங்களை வரைந்து நிரப்புபவர்கள் இளையவர்கள். 'டௌகா' எனப்படும் இந்த இடைநிரப்பு வேலையில் கை பழகித்தான் ஒருவர் மூத்தவராக வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி செலவு குறைந்த அயல்நாடுகளுக்குப் போய்விட்டது. எஞ்சியதற்கும் கூலி சொற்பம். ஜப்பான் அனிமே படைப்பாளர் சங்கம் 2015-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இடைநிரப்பு வரைவாளரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 11 லட்சம் யென். துறையின் ஒட்டுமொத்தச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. டோக்கியோவில் தனியாக ஒருவர் வாழப் போதாத தொகை இது.

இந்நிலையை மாற்றும் முயற்சியாக, ஜப்பானிய அரசின் பண்பாட்டு முகமை நிதி கொடுக்க, இளம் வரைவாளர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்று 2010-ல் தொடங்கியது. 'அனிமே மிராய்' என்று பின்னர் பெயர் பெற்ற அத்திட்டத்தில், தேர்வான ஒவ்வொரு நிறுவனமும் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் யென் பெற்றுக்கொண்டு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அதில் மூத்த கலைஞர்களின் வழிகாட்டலில் இளையவர்கள் வரைய வேண்டும். 2013 மார்ச்சில் இத்திட்டத்தின் கீழ் வெளியான நான்கு படங்களில் ஒன்றுதான் சுமார் 26 நிமிடம் ஓடும் முதல் 'லிட்டில் விட்ச் அகாடமியா'.

ஆக, பயிலும் மந்திரக்காரிகளின் கதையைத் தாளில் வரைந்தவர்களும் பயிலுநர்களே. 'உன்னை இழுத்து வந்த நிகழ்ச்சி மட்டமானது' என்று பள்ளியில் இடித்துரைக்கப்படும் அக்கோவிடம், தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து மயங்கி வரைபலகை முன் வந்து உட்கார்ந்த இளைஞர்களின் சாயலைக் காண்கிறேன்.

அந்தக் குறும்படம் ஆங்கிலத் துணையெழுத்துக்களுடன் யூடியூபில் வந்ததும் உலகெங்கும் ரசிகர்கள் திரண்டார்கள். இரண்டாவது படத்தின் நீளத்தைக் கூட்டுவதற்காக 2013 ஜூலையில் டிரிக்கர் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1,50,000 டாலர் கேட்டது. சில மணி நேரத்திலேயே அத்தொகை சேர்ந்துவிட்டது. முப்பது நாள் முடிவில் ஏறத்தாழ 8,000 பேர் கொடுத்த தொகை 6,25,518 டாலர். 'தி என்சான்டட் பரேட்' என்ற அந்த 55 நிமிடப் படம் 2015-ல் வெளியானது. அதற்குப் பிறகு, கதையை முதலிலிருந்து புதிதாகச் சொல்லி வந்ததே 2017 தொடர்.

களவாடப்பட்ட மந்திரம்

(முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் இப்பகுதியைப் படம் பார்த்த பின் படிக்கலாம்.)

பிற்பாதியில் குரோவா என்ற நவீன ஆசிரியை வருகிறார். பள்ளியில் ஏவல் வேலை செய்யும் குட்டிப்பூதங்கள், தங்களுக்குப் போதிய மந்திர ஆற்றல் தரப்படுவதில்லை என்று வேலைநிறுத்தம் செய்கின்றன. அவர்தான் இயந்திரங்கள் வழியே ஆற்றலைக் கொண்டுவந்து தீர்வு சொல்கிறார். மாயப் பள்ளிக் கதையில் தொழிற்சங்கம் வருவதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். பின்னர் வருவதை அறிந்தபோது, அது வெறும் வேடிக்கை அல்ல என்று பட்டது.

22-ஆம் பகுதியில் உண்மை உடைகிறது. சாரியட் தன் மேடை நிகழ்ச்சிகளில் பயன்படுத்திய மந்திரம் பார்வையாளர்களிடமிருந்தே ஆற்றலை உறிஞ்சியது. அதை அவருக்குத் தந்தவர் குரோவா. அது என்ன செய்கிறது என்பதைச் சாரியட் அப்போது அறிந்திருக்கவில்லை. ஆனால் அன்று கூட்டத்தில் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுமி அக்கோவின் மந்திர ஆற்றல் பறிபோய்விட்டது. அவளால் பறக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம். எந்த இரவு அவளுக்குக் கனவைத் தந்ததோ, அதே இரவுதான் அதை எட்டும் சிறகையும் பிடுங்கிக்கொண்டது.

மாயப் பள்ளிக் கதைகளில் நான் கண்ட மிகக் கசப்பான திருப்பம் இதுதான். வழக்கமாக இத்தகைய கதைகளில் நாயகனுக்கு ஒரு மறைந்த பெருமை இருக்கும். அவன் குலமோ நெற்றித்தழும்போ ஒருநாள் அவனைத் தனித்துக் காட்டும். அக்கோவுக்கு மறைந்திருந்தது ஒரு நட்டக்கணக்கு. அதுவும் அவளுக்கு மட்டும் உரியதல்ல. அதே அரங்கில் இருந்த டயானாவும் தன் ஆற்றலை இழந்தவள். இராப்பகலாக உழைத்து மீட்டுக்கொண்டவள். பிறவி மேதை என்று எல்லோரும் நினைத்தவளும் சாரியட்டின் பழைய ரசிகைதான் என்று 23-ஆம் பகுதியில் தெரியவரும்போது, குலம், திறமை என்று அதுவரை எழுப்பிய சுவர் இடிந்து விழுகிறது.

இதை அனிமே தொழிலோடு பொருத்திப் பாருங்கள். திரையில் கண்ட கனவால் ஈர்க்கப்பட்டு ஒரு தலைமுறை தொழிலுக்கு வருகிறது. அவர்களுடைய ஆசையையே எரிபொருளாகக் கொண்டு அத்தொழில் ஓடுகிறது. 'பிடித்த வேலைதானே, கூலி எதற்கு' என்ற மனப்பான்மைக்கு ஜப்பானில் 'யாரிகாய் சகுஷு' என்றே ஒரு பெயர் உண்டு. வேலையில் கிடைக்கும் மனநிறைவைக் காட்டியே உழைப்பைச் சுரண்டுவது என்று அதற்குப் பொருள். படைப்பாளிகள் இதை நேரடியாகச் சொல்லவில்லை. இது என் வாசிப்பே. ஆயினும் பயிற்சித் திட்டத்தில் பிறந்த ஒரு கதை இந்த இடத்துக்கு வந்து நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் கனவு காட்டியவர் என்ன செய்ய வேண்டும்? சாரியட் மேடையைத் துறந்து, பெயரை மாற்றிக்கொண்டு, ஆசிரியையாக இருந்து அக்கோவைக் கைப்பிடித்து நடத்துகிறார். கற்றுக்கொடுப்பதே அவர் கடனை அடைக்கும் வழி. ஆனால் தொடர் அவரை அத்தோடு விட்டுவிடவில்லை. உண்மையை அவரே சொல்லாததால், குரோவாவின் வாயால் அக்கோ அதைக் கேட்க நேர்கிறது. அந்த வலி அவருடைய அத்தனை பரிவையும் ஒரு கணம் பொய்யாக்கிவிடுகிறது. கற்பித்தல் பாதிக் கடனைத்தான் தீர்க்கும். என்ன எடுத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்வது மீதிப் பாதி.

கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்த ரசிகர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சாரியட்டின் பார்வையாளர்களிடமிருந்து அறியாமல் எடுக்கப்பட்டது. டிரிக்கரின் பார்வையாளர்கள் அறிந்தே கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சுரண்டலுக்கும் ஆதரவுக்கும் உள்ள தூரம்.

குறைகளும் நிறைகளும்

குறைகள் இல்லாமல் இல்லை. குரோவாவின் மனமாற்றம் அவசரமாக நிகழ்கிறது. இரு நாடுகளுக்கு இடையே கால்பந்தாட்டத்தில் மூளும் பகையும், ஏவுகணையைத் துரத்திப் பறக்கும் இறுதிக் காட்சியும் பள்ளிக்கூடக் கதைக்குச் சற்று அளவு மீறியவை. கான்ஸ்டன்சே, ஜாஸ்மின்கா போன்ற துணைப் பாத்திரங்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் ஓவியத்தின் துள்ளல் அலாதியானது. அக்கோ ஓடும்போதும் விழும்போதும் முகம் ரப்பரைப் போல இழுபடுகிறது. ஜப்பானியக் குரல் தந்த மெகுமி ஹான் அவளுடைய பிடிவாதத்தையும் அசட்டுத்தனத்தையும் எரிச்சலூட்டாமல் கலந்து தருகிறார். ஆபாசமோ மிகை வன்முறையோ கிடையாது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, வேற்றுநாட்டுப் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் விழிக்கும் அக்கோவைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

உலகத்தைக் காப்பாற்றிய பிறகு, கடைசிக் காட்சியில் அக்கோ மீண்டும் துடைப்பத்தின் மேல் நிற்கிறாள். தோழிகள் சூழ்ந்து பார்க்கிறார்கள். துடைப்பம் எழும்புகிறது, ஆனால் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம். இழந்த ஆற்றல் மாயமாகத் திரும்பி வந்துவிடவில்லை. இடைநிரப்புப் படங்களைப் போல ஒவ்வொன்றாக வரைந்துதான் அதை மீட்க வேண்டும். 25 பகுதிகள் காத்திருந்து பார்த்த அந்தச் சிறிய எழுச்சி, மற்ற மாயப் பள்ளிகளில் நான் பார்த்த பெரிய பறத்தல்களையெல்லாம் விட உயரமானது.