கரைந்தால் விலக்கு: ஐரோப்பிய நுண்நெகிழி விதிக்கு ஓர் உரை

2023 செப்டம்பர் 25 அன்று ஐரோப்பிய ஆணையம் 2023/2055 எண்ணுள்ள ஒழுங்குமுறையை இயற்றியது. தயாரிப்புகளில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிகளைக் கட்டுப்படுத்தும் விதி அது. ‘ரீச்’ வேதிப்பொருள் சட்டத்தின் 17ஆம் இணைப்பில் 78ஆம் பதிவாகச் சேர்ந்தது. அதன் முக்கிய வரிகளைச் சுருக்கித் தந்து, ஒவ்வொன்றின் கீழும் உரை எழுதிப் பார்ப்போம்.

திண்மமாக உள்ள செயற்கைப் பாலிமர் துகள்கள், 5 மி.மீ.க்கு மிகாதவை

இழையானால் 15 மி.மீ. வரை. இதில் சிக்கல் இல்லை.

பின்வருவன நீங்கலாக

விலக்கு நான்கு. இயற்கையில் உருவாகி வேதிமாற்றம் செய்யப்படாதவை, மக்குபவை, கரைபவை, கார்பன் அணு இல்லாதவை. முதலும் கடைசியும் சர்ச்சையில்லாதவை. மக்குபவைக்கு மட்டும் கண்டிப்பு அதிகம்: குறிப்பிட்ட ஆய்வக முறைகளில் மக்கிக் காட்ட வேண்டும்.

லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் நீரில் கரைபவை

திண்மம் என்று முதலிலேயே சொன்னபின் கரைவதைத் தனியே விலக்குவது ஏன்? பாலிஅக்ரிலமைடை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் நிலையங்களில் கசட்டைத் திரட்டிப் பிழிய உதவும் இப்பொருள் தூளாகவும் மூட்டையில் வருகிறது. மூட்டையில் இருக்கும்வரை அது துகள். இவ்வரி இல்லையென்றால் அதுவும் விதிக்குள் சிக்கும்.

நுண்நெகிழி பற்றிய அச்சம் துகளைப் பற்றியது, கரைந்தபின் துகள் ஏது என்பது விதியின் நியாயம். துகளுக்கான சட்டத்தில் அது பொருந்தவே செய்கிறது. ஆனால் கரைதல் வேறு, சிதைதல் வேறு. கரையும்போது பாலிமர் சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீரில் பரவுகின்றன, சங்கிலி அறுவதில்லை. பாலிஅக்ரிலமைடின் பக்கக் கிளைகளிலிருந்து நைட்ரஜனை நுண்ணுயிர்கள் கழற்றிக்கொள்ளும். நடுவிலுள்ள கார்பன் முதுகெலும்பு எளிதில் அசையாது. நீரில் கரையும் இன்னொரு பாலிமரான பாலிவினைல் ஆல்கஹாலை அதற்குப் பழகிய நுண்ணுயிர்களால் உடைக்க முடியும், அவை போதிய அளவில் இருக்கும் நிலையங்களில். நேர்மின்னேற்றமுள்ள பாலிமர்கள் மீனின் செவுளில் ஒட்டி நஞ்சாகின்றன. ஆற்றுநீரின் ஹ்யூமிக் அமிலம் அந்த வீரியத்தை ஓரளவு தணிக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நடத்தை. இவ்வரியோ கரைதிறனை மட்டும் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே கதவு வழியே அனுப்புகிறது.

அனுப்பியபின் தேடுவதும் கடினம். வடிகட்டியில் தங்கிய துகளை நுண்ணோக்கியில் எண்ணலாம். கரைந்த பாலிமர் வடிகட்டியைக் கடந்துவிடும். ஒரே பாலிமரிலும் பல நீளச் சங்கிலிகள் கலந்திருப்பதால் நிறை நிறமாலைமானியில் தெளிவான ஒற்றை அடையாளம் கிடைக்காது.

சரி, வேறு விதி பிடிக்காதா? ‘ரீச்’ சட்டத்தில் பாலிமர்களுக்குப் பதிவுக் கடமை இல்லை. அவற்றைக் கட்டும் சிறு மூலக்கூறுகளான மோனோமர்களுக்கே உண்டு. கரையும் பாலிமர்கள் உட்பட, திரவத் தயாரிப்புகளில் சேரும் பாலிமர்கள் ஆண்டுக்கு 3.6 கோடி டன் என்று பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2021இல் மதிப்பிட்டது. இவ்வளவு புழங்கும்போது, மக்குபவையிடம் கேட்ட சான்றைக் கரைபவையிடமும் கேட்டிருக்க வேண்டும்.

எடையில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ இருத்தலாகாது

இவ்வரம்பு விலக்குப் பெறாத துகளுக்கு மட்டும். ஐரோப்பியச் சலவைத்தூள் பொட்டலங்களில் ‘பாலிகார்பாக்சிலேட் 5 விழுக்காட்டுக்குக் குறைவு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நீரில் கரையும் செயற்கைப் பாலிமர்தான் அதுவும்; இவ்வரம்பு அதற்கில்லை.